தாங்கக்கூடிய பிள்ளைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணிக்கூட்டுக்குக் குறைவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒன்று தொங்குகிறது. ஆய்வுகூடத்தில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, ஆசிரியர்கள் தேநீர் குடிக்கும் அறையில் எதிரும் புதிருமாக இரண்டு. எல்லாவற்றுக்கும் வெள்ளை முகம், பொன்னிற விளிம்பு. அடியில் 'நல்லொழுக்க இல்லம்' என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கும். பற்றரி மாற்றுவார் இல்லாததால் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த நேரத்தில் நின்றுவிட்டது. இவ்வளவும் மஞ்சள் இல்லத்துக்குக் கிடைத்தவை. வென்று கிடைத்தவை அல்ல. வருடா வருடம் அழகாகத் தோற்றதற்காகக் கிடைத்தவை.

மஞ்சள் இல்லத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியை. நான் படிப்பிப்பது கணிதம். என் வாழ்க்கையில் நான் ஓடியதெல்லாம் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த ஓட்டம்தான், அதற்கு யாரும் கிண்ணம் தருவதில்லை. அப்படியிருந்தும் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது வேறு எவருமே அந்த இல்லத்தை ஏற்க விரும்பவில்லை என்பதுதான்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். பிள்ளைகளை நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று இல்லங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டமும் பாய்ச்சலும் எறிதலும். அந்தியில் புள்ளிகளைக் கூட்டி, கூடிய புள்ளி எடுத்த இல்லத்துக்குப் பெரிய கிண்ணம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கிண்ணத்துக்காக வீடுகளில் கதை பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்களில் பிழை பிரித்த விதத்தில் இருந்தது. எப்போதோ இருந்த யாரோ ஒரு புண்ணியவான், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக ஒரே இல்லத்தில் போட்டுவிட்டார். நிருவாகத்துக்கு வசதியாம். மற்ற இரண்டு இல்லங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சந்தியைச் சுற்றி இருப்பவர்கள். பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, உடுப்பு மாற்றி, மைதானத்துக்கு வந்து இருட்டும்வரை பயிற்சி எடுப்பார்கள். என் பிள்ளைகள் பஸ்ஸை விட்டால் போக வழியில்லை. அந்தி சாய்ந்தால் அந்த வீதியில் யானை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி.

இதனால் ஒவ்வொரு வருடமும் தோற்றார்கள். நான் பொறுப்பெடுத்த முதல் வருடமும் தோற்றார்கள். தோற்றதோடு நிற்கவில்லை. வென்ற இல்லத்தின் கூடாரத்துக்குள் மண் அள்ளி எறிந்தார்கள், நடுவருக்குப் பட்டம் வைத்துக் கத்தினார்கள், ஒருவன் தன் சொந்தச் சப்பாத்தையே கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த கிழமை எல்லாரையும் வேப்பமரத்தடியில் இருத்தி ஒரு சட்டம் போட்டேன்.

"தோத்தால் முதல் வேலையாப் போய்க் கை குடுக்கவேணும். உங்களை ஆர் வெண்டது எண்டு பாருங்கோ. அவரிட்ட நேரா நடந்து போய், கண்ணைப் பாத்து, கையைக் குடுத்து வாழ்த்துக்கள் எண்டு சொல்லவேணும். முறைப்பாடு வேண்டாம். மூஞ்சையைத் தூக்கவும் வேண்டாம். அழுறதெண்டால் பஸ்ஸில ஏறி இருந்து வடிவா அழுங்கோ."

கிண்ணம் கொடுக்கும் நேரத்தில் அவர்கள் மைதானத்தில் இருப்பதே இல்லை, பஸ் போய்விடும். போட்டியன்று சாரதி இரக்கப்பட்டுக் கொஞ்சம் காத்து நிற்பார், அதற்கு மேல் அவரால் முடியாது. அதனால் கடைசி ஓட்டம் முடிந்த உடனேயே கை கொடுக்க வேண்டும் என்று பழக்கினேன். அடுத்த வருடம் மஞ்சள் இல்லம் தோற்று, வரிசையாக நடந்துபோய், வென்ற இல்லத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்தது. விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்கு அடுத்த வருடம் பள்ளிக்கூட அதிபர் 'நல்லொழுக்க இல்லம்' என்று ஒரு பரிசை உண்டாக்கினார். அன்று தொடங்கியது மணிக்கூட்டு வியாபாரம். எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிறையவே பெருமை இருந்தது.

பிறகு விளையாட்டு ஆசிரியர் வந்தார். பளையிலிருந்து நியமனம் பெற்று வந்த இளம் பெடியன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தனியே இருந்தார். பாடசாலை வளவுக்குள் என்னை ரீச்சர் என்பார், படலை தாண்டினால் அக்கா. நானும் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவேன். வந்த முதல் போட்டி முடிந்ததும் அவர் எனக்கு ஒரு கதை சொன்னார்.

"உங்கட பிள்ளையளுக்குக் காலில பிழை இல்லை அக்கா. பஸ்ஸிலதான் பிழை."

"பஸ்ஸை மாத்த எங்களால ஏலுமே தம்பி?"

"மாத்த வேண்டாம். பஸ் காலமை நேரத்துக்கே வருதெல்லோ? மணி அடிக்க முந்தி எவ்வளவு நேரம் அதுகள் சும்மா நிக்குதுகள். அந்த நேரத்தை எனக்குத் தாங்கோ."

இத்தனை வருடமாக என் கண்ணுக்குப் படாதது அவருக்குப் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பஸ் வாசலில் நிற்க, விசிலோடு அவர் மைதானத்தில் நிற்பார். பனி காயாத புல்லில் பிள்ளைகள் ஓடின. நான் வீட்டிலிருந்து பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவேன். அவர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு கத்துவார். நாலு பேர் மாறி மாறி ஓடும் அஞ்சல் ஓட்டத்துக்குக் கோல் மாற்றுவதை அவர் பழக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு போட்டு, அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில்தான் கோல் கை மாற வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓடவிடுவார். பின்னால் பார்க்காமல் கையை நீட்டி வாங்க வேண்டும். ஒரு அடி தவறினாலும் விசில்.

"கோட்டுக்கு வெளியில வாங்கினால் நீங்கள் ஓடினது ஓட்டமே இல்லை. திரும்பிப் போ. முதல்ல இருந்து!"

இந்த வார்த்தையை எத்தனை காலையில் கேட்டிருப்பேன். இப்போதும் காதுக்குள் கிடக்கிறது.

கடைசிக் கோலை வாங்குபவள் எங்கள் இல்லத் தலைவி. பதினோராம் வகுப்பு. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்துக்கு வேறு பள்ளிக்கூடம் போகப் போகிறவள், அவளுக்கு இது கடைசிப் போட்டி. அவளுடைய அப்பப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். நெல்லும், கொஞ்சம் மாடும். ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்த நாளிலிருந்து அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். கை கொடுக்கும் வரிசையில் முதல் ஆளாக நிமிர்ந்து நடப்பவள் அவள்தான். சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்துத்தான் பழகின. ஒரு காலையில், சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரீச்சர், எனக்கு ஒரு ஆசை."

"என்ன, கிண்ணம் தூக்கவேணுமோ?"

"கிண்ணம் எண்டில்லை. எல்லா வருசமும் நான்தான் போய்க் கை குடுக்கிறன். ஒருக்கா எண்டாலும் ஆரும் வந்து எனக்குக் கை தரவேணும்."

நான் சிரித்தேன். "தருவினம், ஓடு," என்றேன். அவள் ஓடினாள். அந்த ஆசை என்ன பெரிய ஆசையா? பணமா, பதக்கமா, வெளிநாடா? எதிரில் நிற்கும் ஒருவர் நடந்து வந்து ஒரு கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

போட்டி நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்றார்கள், காரணம் இருந்தது. போன வருடம் நீல இல்லம் மயிரிழையில் சிவப்பிடம் தோற்றபோது நீல இல்லத்துப் பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கி, சிவப்பு இல்லத்தின் அலங்கார வளைவைப் பிடுங்கி, கதிரை தூக்கி எறிந்து பெரிய ரகளை பண்ணியிருந்தார்கள். ஒரு ஆசிரியருக்கு நெற்றியில் தையல். அந்தப் படங்கள் பேஸ்புக்கில் ஓடி, அதிபரிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். அதிபர் நல்ல மனிசன்தான், ஆனால் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார். இனி ஒரு சத்தமும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலையில் இருந்தார்.

காலை பதினொரு மணி தாண்டியதுமே எனக்கு விளங்கிவிட்டது, இந்த வருடம் வேறு மாதிரி. என் பிள்ளைகள் ஓட்டத்துக்கு ஓட்டம் முன்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் 'மஞ்சள் இல்லம் முதலாம் இடம்' என்று சொல்ல அறிவிப்பாளருக்கே வாய் பழக்கமில்லை, ஒருமுறை நீலம் என்று சொல்லிவிட்டுத் திருத்தினார். பின்னேரம் ஆக, சிவப்பு பின்தங்கிவிட்டது. நீலமும் நாங்களும் கிட்டக்கிட்ட நின்றோம். கடைசியாகப் பெண்களுக்கான அஞ்சல் ஓட்டம். அதை யார் வெல்கிறார்களோ அவர்களுக்குத்தான் கிண்ணம். கணித ரீச்சர் நான், கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். வாசலில் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. சாரதியும் இறங்கி வந்து மதிலில் சாய்ந்து நின்றார்.

மூன்றாவது கோல் மாறும் இடத்தில் நடுவராக நின்றவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர். ஒரு கையில் வெள்ளைக் கொடி, மற்றக் கையில் சிவப்புக் கொடி. சரியாக மாற்றினால் வெள்ளை, பிழையென்றால் சிவப்பு. நான் அவருக்கு நேரே, கயிற்றுக்கு வெளியே நின்றேன். நீல இல்லம் கொஞ்சம் முன்னால் வந்து மாற்றியது. எங்கள் பிள்ளை வந்தாள். தலைவி பின்னால் பார்க்காமல் ஓடத் தொடங்கி, கையை நீட்டி, இரண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கும் நட்ட நடுவில் கோலை வாங்கினாள். வெள்ளைக் கொடி மேலே போனது. நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததையும் கண்டேன்.

அதன் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை எனக்கு எழுதத் தெரியாது. முடிவுக் கோட்டுக்கு அவள் முதலில் வந்தாள், நீலத்துப் பிள்ளை பின்னால் வந்தாள், நான் வயதையும் சேலையையும் மறந்து கத்திக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நீல இல்லத்தின் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். தாய்மார் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். ஒரு தகப்பன் ஏற்கெனவே நடுவர்களின் கூடாரத்தை நோக்கிக் கையை வீசிக்கொண்டு போனார். ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை. பஸ் இரண்டாம் முறை ஹோர்ன் அடித்தது. மற்றப் பிள்ளைகள் பைகளைத் தூக்கிவிட்டார்கள், அவள் மட்டும் நகரவில்லை.

"வருவினம் எண்டு பாத்தனான் ரீச்சர்."

"அழுகை முடியட்டும் பிள்ளை. திங்கட்கிழமை வந்து தருவினம்."

"கிண்ணத்தை நீங்கள் வாங்கி வையுங்கோ. திங்கட்கிழமை நாங்கள் பஸ்ஸால இறங்கேக்க வாசலில கொண்டுவந்து நில்லுங்கோ, என்ன?"

"ஓம், நிக்கிறன்."

பஸ் போனது. யன்னலுக்கு வெளியே யாரோ மஞ்சள் துணியைப் பிடித்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் வளைவு தாண்டும்வரை கேட்டது. ஏறிய பிறகு அழுங்கோ என்று நான் சொல்லிக் கொடுத்த அதே பஸ்ஸில் முதல்முறையாகப் பாட்டு.

திரும்பி வந்து பார்த்தால், முடிவு அறிவிக்கவில்லை. விருந்தினர்களுக்கு மீண்டும் ஒருமுறை தேநீர் கொடுக்கிறார்கள். நடுவர் கூடாரத்துக்குள் அதிபரும் விளையாட்டு ஆசிரியரும் தலையைக் குனிந்து கதைத்துக்கொண்டு நின்றார்கள். புள்ளி கூட்டுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். கிண்ணம் வாங்கப் போகும்போது எப்படி நிற்பது என்றுகூட யோசித்தேன், எனக்கு அதில் அனுபவம் இல்லையே. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. பெண்களுக்கான அஞ்சல் ஓட்டத்தில் மஞ்சள் இல்லத்தின் மூன்றாவது கோல் மாற்றம் எல்லைக் கோட்டுக்கு வெளியே நடந்ததால் அந்த இல்லம் நீக்கப்படுகிறது. முதலாம் இடம் நீலம். இந்த வருடக் கிண்ணம் நீலத்துக்கு.

நீலக் கூடாரத்தில் வெடி கொளுத்தினார்கள். நான் நேரே அவரிடம் போனேன். அவர் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர்தானே வெள்ளைக் கொடி பிடிச்சனீர்?"

"ரீச்சர், கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ."

"மெதுவாத்தான் கேக்கிறன். பிள்ளை கோட்டுக்குள்ள வாங்கினதோ இல்லையோ?"

அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ரீச்சரை அக்காவாக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"ஓம் அக்கா. உள்ளுக்குத்தான் வாங்கினது."

"பிறகு?"

"போன வருசம் நடந்தது தெரியும்தானே. இண்டைக்கும் அவையள் ரெடியாத்தான் வந்து நிண்டவை. அதிபர் என்னட்டக் கெஞ்சினவர். நான் என்ன செய்யிறது? உங்கட பிள்ளையள் தாங்குவினம் அக்கா. அவையள் தாங்க மாட்டினம். நீங்கள் உங்கட பிள்ளையளை அப்பிடி வளத்திருக்கிறியள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என்னைப் புகழ்கிறார் என்பது விளங்க ஒரு கணம் பிடித்தது. அவர் மேலும் சொன்னார், ஆறுதல் சொல்வதுபோல.

"பஸ் போனாப்பிறகு அறிவிப்பம் எண்டு சொன்னதும் நான்தான். அதுகளின்ர முகத்துக்கு முன்னால சொல்ல எனக்கு மனம் வரேல்லை. திங்கட்கிழமை நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பினம்."

என் கையால் பிட்டு வாங்கித் தின்ற வாய். காலைகள் எல்லாம் என் பிள்ளைகளோடு பனியில் நின்ற கால். கோடு போட்டதும் அவர், பழக்கியதும் அவர், வெள்ளைக் கொடி தூக்கியதும் அவர். அழித்ததும் அவர். வேறு யார் செய்திருந்தாலும் நான் சண்டை பிடித்திருப்பேன், மேலிடத்துக்கு எழுதியிருப்பேன், வீட்டுக்குப் போய்ச் சாபம் போட்டுவிட்டுச் சோறு தின்றிருப்பேன். இவரிடம் எனக்குச் சண்டை பிடிக்க வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கத்துகிற பிள்ளைக்குப் பயந்து, கத்தாத பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என் பிள்ளைகள் இன்னும் மண் அள்ளி எறிகிற பிள்ளைகளாக இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்தைத் தொட ஒருவருக்கும் துணிவு வந்திராது. அவர்களுக்கு நான் கொடுத்த நல்ல பழக்கம் ஒன்றைத்தான் இவர்கள் ஆயுதமாக எடுத்தார்கள். என்னைக் கேட்காமலே என்னையும் பங்காளியாக்கிவிட்டார்கள்.

அதிபர் வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்றார். "அடுத்த வருசம் உங்களுக்குத்தான் ரீச்சர், என்னை நம்புங்கோ," என்றார். அடுத்த வருடத்துக் கிண்ணத்தையும் இப்போதே பங்கு வைத்தாயிற்று. "அடுத்த வருசம் அந்தப் பிள்ளை இஞ்ச இருக்காது சேர்," என்றேன். அவருக்கு எந்தப் பிள்ளை என்று விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் மனமில்லை.

மணிக்கூட்டுக்கு ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. இன்னொருமுறையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் சார்பில் மேடைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு அதை வாங்கியவர் விளையாட்டு ஆசிரியர்.

அடுத்த நாள் காலையில் தலைவியின் தாய் தொலைபேசி எடுத்தா. மழை பெய்ததுபோல மகிழ்ச்சி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்களாம், பிள்ளை இரவிரவாக ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவரையும் நித்திரை கொள்ள விடவில்லையாம். "எல்லாம் உங்களாலதான் ரீச்சர், உங்களுக்கும் அந்த விளையாட்டுச் சேருக்கும் கோடி புண்ணியம் கிடைக்கும்," என்றா. அவர்களுடைய பக்கத்தில் இணையம் சரியாக எடுக்காது, நீல இல்லத்தார் கிண்ணத்தோடு எடுத்துப் போட்ட படங்கள் அங்கே போய்ச் சேரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசியில், காணாத முகத்துக்கு, எப்படிச் சொல்வது? வாசலில் நிற்கிறேன் என்று பிள்ளைக்குத்தான் சொன்னேன். பிள்ளைக்கே நேரில் சொல்வது என்று முடிவெடுத்து, தாய்க்கு ஓம் ஓம் என்று சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு வாசலில் நின்றேன். பஸ் வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் தள்ளுப்பட்டுக்கொண்டு இறங்கி என் கையைப் பார்த்தார்கள், என் பின்னால் பார்த்தார்கள், ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஒன்று என்னைச் சுற்றியும் வந்தது. தலைவி கடைசியாக இறங்கினாள். அவள் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"மணிக்கூடோ ரீச்சர்?"

"ஓம்," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மழுப்பவில்லை. ஆறுதலாகச் சொல்லுங்கோ என்று கேட்டவருக்காக ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. வெள்ளைக் கொடி, தேநீர், பஸ் போன பிறகு அறிவித்தது, தாங்குவினம் என்றது, எல்லாம். சின்னதுகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றன. தலைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"நான் கோட்டுக்குள்ளதான் வாங்கினனான்."

"தெரியும். நான் கண்டனான்."

"சேருக்கும் தெரியுமோ?"

"தெரியும். என்னட்டச் சொன்னவர்."

மைதானப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எங்களை வெண்டது நீல இல்லம் இல்லை, என்ன ரீச்சர்?"

"இல்லை."

மைதானத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். விசிலும் கழுத்துமாக, வழக்கமான காலைபோலவே, வலயப் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கக் கோலோடு நின்றார். அவள் பையைக் கழற்றி மதிலடியில் வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே வரிசை வந்தது, அவர்களுக்குத்தான் அது பழகிப்போன வேலையாயிற்றே. ஈரப் புல்லுக்குள்ளால் நேரே அவரிடம் நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். என்ன நடக்கப் போகிறது என்று எனக்கே தெரியாது.

அவள் அவருக்கு முன்னால் நின்று, கண்ணைப் பார்த்து, கையை நீட்டினாள்.

"வாழ்த்துக்கள் சேர்."

அவர் கோலை இடது கைக்கு மாற்றிவிட்டு, பழக்க தோசத்தில் கையைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அதற்குள் அடுத்த பிள்ளை கையை நீட்டிவிட்டது. அதற்கு அடுத்தது. குரலை உயர்த்தியவர் இல்லை, நக்கலாகச் சிரித்தவர் இல்லை. ஆறாம் வகுப்புக் குஞ்சுகள்கூட அண்ணாந்து பார்த்து, சின்னக் கையை நீட்டி, வாழ்த்துக்கள் சேர், வாழ்த்துக்கள் சேர் என்று சொல்லிக்கொண்டு போயின. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அழுதிருந்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்திருக்கும். நல்ல காலம், அழவில்லை.

வரிசை முடிந்த இடத்தில் நான் நின்றேன். நீட்டிய கை நீட்டியபடி அவர் என்னைப் பார்த்தார். "அக்கா," என்றார், பள்ளிக்கூட வளவுக்குள், பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து. தோற்றால் கை கொடுக்க வேண்டும் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் படிப்பித்தவள் நான். என் கை எழும்பவில்லை. அந்த நாளுக்குப் பிறகு இன்றுவரை எழும்பவும் இல்லை. தேநீர் அறைக்கு அவர் வந்தால் நான் என் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போடுகிறேன்.

திரும்பி வந்தபோது தலைவி மதிலடியில் தன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளுடைய ஆசை நினைவுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் போய் நின்று, அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே கண்ணைப் பார்த்து, என் கையை நீட்டினேன்.

"வாழ்த்துக்கள் பிள்ளை. நீ வெண்டனீ."

அவள் என் கையைப் பார்த்தாள். அது போதாது என்பது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு நோகக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்கள் எங்கட ஆள் ரீச்சர். எங்கட ஆள் தந்தால் கணக்கில்லை."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போனாள். முதல் பாடம் அவர்களுக்குக் கணிதம், நானும் பின்னால் போனேன்.